எட்டரைக்குள்

தீவில் இருப்பவருக்கு,

நானும் யாமினியும் சுகம். டாடி எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறாள். நீங்கள் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இங்கே சிட்னியில், பென்டில் ஹில் கடையில் கிடைத்தது. நாளை விமானத்தில் அங்கே வரும் பிரதீப்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம். மெயிலையெல்லாம் கம்பெனி படிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

முதல் கிணற்றின் சோதனைத் தாள்கள் நேற்று மாலை சரிபார்க்க இங்கே ஆபீஸில் என் மேசைக்கு வந்தன. வியாழனும், நேற்று வெள்ளியும் நீங்கள் எழுதிய அழுத்தம், கடைசி இலக்கம் வரை ஒன்றுதான். எந்த எண்ணெய்க் கிணறும் அப்படி இருக்காது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நேற்று போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்! "நீ சொன்ன மாதிரியே ராகு காலத்துக்கு முன்னாடி, எட்டரைக்குள்ள வால்வைத் திறந்துட்டேன்."

திறப்பதற்கு முன் செய்யவேண்டிய அரை மணி நேர அழுத்தச் சோதனையை எப்போது செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

திங்களன்று முழுவதுமாகத் திறக்கப்போகிறீர்கள். கிணற்றுக்குப் பக்கத்தில்தான் பதினான்கு பேர் தங்கியிருக்கிறீர்கள். மூடிவிட்டு மறுபடியும் சோதனை செய்யுங்கள். நீங்களே கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கள் காலை நான் சொல்வேன்.

இன்னொன்று. சிட்னியில் பத்தரை என்றால் அங்கே எட்டரை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரியனை வைத்து வருவது. உங்கள் கடிகாரத்திலும் ஏறக்குறைய பத்தரைதான். மீதமிருந்த இரண்டு மணி நேரத்தில் அந்தச் சோதனையை நான்கு தடவை செய்திருக்கலாம்.

இப்படிக்கு,
தப்பாக நேரம் பார்த்துச் சொன்ன
உங்கள் மனைவி