விடை அட்டையில் அடங்காத பிறை

ஜூலை 3

அறிவியல் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இருந்தது மூன்று மேஜையும் ஒரு பழுதான நுண்ணோக்கியும்தான். ஆனாலும் அறை என்று ஒன்று இருந்தது. இனிமேல் அலுவலகத்தின் உடைந்த நாற்காலிகள் அங்கே குடியிருக்கும். சாமான் வாங்கவாவது பணம் கிடைக்குமா என்று கேட்டேன். ஹெச்.எம். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நெட்ல எல்லாம் இலவசமா கொட்டிக் கிடக்குது டீச்சர். தேடி எடுக்கறதுக்கு என்ன?" என்றார். அதோடு விட்டாரா? ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லா அறிவியல் பாடத்துக்கும் தேடிச் சேர்க்கும் பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இன்னொன்று. இந்த வருஷம் குட்டி என் வகுப்புக்கே வந்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு ஏ பிரிவு. பெற்ற மகளுக்குச் சலுகை என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. பள்ளியில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். "சரிங்க டீச்சர், சாதம் போடுங்க டீச்சர்" என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 5

இலவசம் என்றால் என்ன என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு தளம் முதல் ஏழு நாளுக்கு மட்டும் இலவசம். இன்னொன்று தலைப்பை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. செரிமானம் பற்றி ஒரு நல்ல வீடியோ - இரைப்பை திறக்கிற நேரம் பார்த்துப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரம் வருகிறது. பருவகாலப் பாடம் முழுக்கப் பனிமனிதன் நிற்கிறான். எங்கள் பிள்ளைகள் பனிக்கட்டியைப் பார்த்திருப்பது குளிர்பெட்டியில் மட்டும்தான்.

ஒன்றே ஒன்று தேறியது. விரலால் கம்பியை இழுத்து இணைத்தால் விளக்கு எரியும் ஒரு மின்சுற்று விளையாட்டு. நானே அரை மணி நேரம் எரித்து எரித்துப் பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்தது.

ஜூலை 6

ஆசிரியர் அறையில் எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது. டவுன்லோடு டீச்சர்.

ஜூலை 9

கிடைத்துவிட்டது! நிலவின் வடிவங்கள். பாடக் குறிப்பு, படங்கள், பிள்ளைகளுக்கான தாள், விடை, எல்லாம் ஒரே கட்டாக. பூட்டு இல்லை, விளம்பரம் இல்லை. தாளில் பதினான்கு வட்டங்கள். பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வானத்தைப் பார்த்து, நிலவில் வெளிச்சமான பகுதிக்கு மஞ்சளும் மிச்சத்துக்குக் கறுப்பும் தீட்ட வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! சாமானே வேண்டாம். வானம் போதும். மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து முடித்தபோது, இந்த வேலைக்குத்தானே வந்தேன் என்று மனசு நிறைந்திருந்தது.

ஜூலை 12

இன்றைக்குத் தாள் கொடுத்தேன். குட்டி இருட்டுவதற்கு முன்பே பென்சிலோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்புக்கு அமிலம், காரம் தேடிக்கொண்டிருந்தேன். வரேன் வரேன் என்றேன். போகவில்லை.

ஜூலை 18

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. நெட் இல்லை, காய்ந்த துணி இல்லை. மண்டையிடி.

ஜூலை 27

தாள் திருத்தினேன். எனக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. விடையைக் கெட்டி அட்டையில் ஒட்டி, சரியான இடங்களை மட்டும் வெட்டி ஓட்டையாக்கிவிடுவேன். பிள்ளையின் தாள்மேல் அட்டையை வைத்தால் போதும், படிக்கவே வேண்டாம். இந்தத் தடவை ஓட்டையில் மஞ்சள் மட்டும் தெரிந்தால் சரி. கறுப்பு எட்டிப் பார்த்தால் தப்பு. தோசை திருப்புகிற வேகத்தில் ஒரு வகுப்பே முடிந்தது. நல்ல மதிப்பெண். எல்லோரும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

குட்டியைத் தவிர. வெளிச்சத்தை வட்டத்தின் அடியில் தீட்டி வைத்திருக்கிறாள், பிறை மல்லாந்து படுத்த மாதிரி. ஒரு வட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறாள். தினமும் மாடிக்குப் போனது விளையாடத்தானா? கோபம் கோபமாக வந்தது. டீச்சர் மகள் என்ற மெத்தனம்.

ஜூலை 28

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுடையதை மட்டும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "வானத்தப் பாக்காம வரைஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "உக்காரு, திருத்தி எழுதிட்டு வா" என்றேன்.

கடுமையாக இருந்துவிட்டேனோ? இருக்கட்டும். இனி யாரும் சலுகை என்று சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 30

புதுத் தாளில் திருத்திக் கொடுத்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாதம் வேகிற நேரத்துக்குள் முடித்தாள். அட்டையை வைத்தேன். எல்லா ஓட்டையிலும் மஞ்சள். முழு மதிப்பெண் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றேன். ஆமா டீச்சர் என்றாள். வீட்டில்.

ஆகஸ்ட் 2

ஹெச்.எம். குளிர்ந்துபோயிருக்கிறார். என் நிலவுப் பாடத்தைச் சுற்று வட்டாரப் பள்ளிகளின் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா இருபதாம் தேதி வருகிறாராம். மாதிரி வகுப்பு நான் எடுக்க வேண்டும். அவர் மனசு வைத்தால் அறிவியல் அறை திரும்பக் கிடைக்கலாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. வீட்டில் சொன்னேன். குட்டியின் அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். குட்டி மாடிக்குப் போவதை நிறுத்திப் பல நாள் ஆயிற்று என்று அவர்தான் சொன்னார். நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

உலைகூட வைக்காமல் முதலில் இதை எழுதுகிறேன்.

மாதிரி வகுப்பு வேலையை முடித்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பெட்ரோல் பங்கின் கூரைக்கு மேலே பிறை. வெளிச்சம் அடியில். தரையில் வைத்த கிண்ணம் மாதிரி, இரண்டு முனையும் மேலே பார்க்க. அட்டையில் நான் வெட்டிய பிறை பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும். இது படுத்திருக்கிறது.

புதுசாகவா படுத்திருக்கிறது? பிறந்ததிலிருந்து இதைத்தானே பார்க்கிறேன்! கண்ணால் எத்தனையோ முறை பார்த்ததை ஒரு அட்டை வந்து மறைத்துவிட்டதே. பேருந்து வந்து நின்று, போயும்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நெட்டில் எடுத்த அந்த நிலவுப் பாடக் கட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். எங்கேயோ வடக்கே தூரத்தில் இருக்கும் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்காகச் செய்தது. பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: உங்கள் ஊரில் நிலவு வேறு சாய்வில் தெரியலாம், ஆசிரியர் முதலில் தாமே பார்த்துக்கொள்ளவும். இலவசமாகக் கொடுத்தவர்கள் நேர்மையாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 13

இடைவேளையில் பிள்ளைகளிடமிருந்து தாள்களை மறுபடி வாங்கி, அட்டை இல்லாமல் பார்த்தேன். ஜூலை பதினெட்டு. அந்த மழை நாள். அத்தனை பேர் தாளிலும் அன்றைக்கு அழகான அரை நிலா. எல்லாம் புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. குட்டியின் முதல் தாளில் மட்டும் வட்டம் காலி. ஓரத்தில் சின்ன எழுத்தில், மேகம்.

பார்த்து வரைந்தவள் அவள் ஒருத்திதான். பார்க்காமல் வரைந்தாய் என்று நான் ஊர் சிரிக்கச் சொன்னதும் அவளைத்தான்.

ஆகஸ்ட் 14

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். குழுவில் திருத்தம் அனுப்ப வேண்டும் என்றேன். அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாடப்புத்தகத்திலும் பிறை நிமிர்ந்துதானே இருக்கிறது, நிலா நின்றால் என்ன, படுத்தால் என்ன என்றார். கடைசியில், "அதிகாரி வந்துட்டுப் போகட்டும் டீச்சர். அப்புறம் மெதுவா பாத்துக்கலாம். அந்த ரூம் வேணுமா வேணாமா உங்களுக்கு?" என்றார்.

வேண்டும். அதுதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 16

குட்டியிடம் பேசிவிட்டேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். நீ வரைந்ததுதான் சரி, அம்மா பார்க்காமல் தப்புப் போட்டுவிட்டேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லம்மா. எப்படிப் போட்டா மார்க் வரும்னு தெரிஞ்சுக்கிட்டேன்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 20

மாதிரி வகுப்பு. பின்னால் அதிகாரி அம்மா, பக்கத்தில் ஹெச்.எம். நிலவுப் படத்தைத் திரையில் போட்டேன். அதற்குமேல் முடியவில்லை. இந்த விடை நம்ம ஊருக்குத் தப்பு, உங்களில் ஒருத்தர் சரியாக வரைந்ததை நான் தப்பு என்றேன், அது என் தவறு என்று சொன்னேன். பிறகு கேட்டேன்: நீங்கள் பார்த்த பிறை எப்படி இருந்தது?

ஒரு கையும் உயரவில்லை. முன் வரிசையில் எப்போதும் முந்திக்கொள்கிற வாயாடிப் பெண் எழுந்து, "டீச்சர், இப்ப எதச் சொல்லணும்?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

குட்டியைப் பார்த்தேன். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 21

அதிகாரி அம்மா, ஆசிரியைக்குத் தயாரிப்பு போதாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அறிவியல் அறையில் உடைந்த நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. தேடும் பொறுப்பும் என்னிடமிருந்து புது சாருக்குப் போய்விட்டது - பி பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறவர், போன வருஷம்தான் வேலைக்கு வந்தார். குழுவுக்குத் திருத்தத்தை நானே அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

வருத்தம்தான். ஆனால் தூங்க விடாதது இதில்லை, மேஜையைவிட்டு நிமிராத குட்டியின் தலை.

ஆகஸ்ட் 24

குட்டி பி பிரிவுக்கு மாற வேண்டுமாம். முதலில் அப்பாவிடம் சொல்லி, அவர் மூலமாக என்னிடம் வந்திருக்கிறது. ஒரே வீட்டில் தூது! வெடித்துவிட்டேன். நான் என்ன உனக்கு எதிரியா, ஒரு தப்புக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கணும், இன்னும் என்னென்னவோ. அவள் அழவில்லை.

"கோவமெல்லாம் இல்லம்மா. உன் கிளாஸ்ல நான் வாயத் தொறந்தா எல்லாரும் உன் மூஞ்சியப் பாக்கறாங்க. நானும் உன் மூஞ்சியத்தான் பாக்கறேன்."

இவர் என்னை உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஆகஸ்ட் 28

மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் அவள் இடம் காலி. யாரையாவது உட்கார வைக்க வேண்டும்.

செப்டம்பர் 5

விடை அட்டைகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். இனிமேல் ஒவ்வொரு தாளாகப் படித்துத் திருத்த வேண்டும். கண் எரிகிறது. ஒருவன் நிலா பாடமே இல்லாத தாளில் நிலா வரைந்து வைத்திருக்கிறான், என்னைக் குஷிப்படுத்தவாம்.

செப்டம்பர் 18

புது சார் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். இலைகள் பற்றி எங்கிருந்தோ இலவசமாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். செப்டம்பரில் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாகிவிடும் என்று வருகிறதாம். குட்டி எழுந்து, பள்ளி வாசல் மரத்தில் இப்போதுதான் துளிர் விடுகிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றிருக்கிறாள். சார் விதிவிலக்கு என்று சமாளித்திருக்கிறார். அவள் உட்காரவில்லை. மைதானத்து மரம், மருந்துக் கடை மரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். மணி அடிக்கிற வரைக்கும் சண்டை. கடைசியில் மொத்த வகுப்பையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அவ சொன்னதுதான் சரி. என்னை ஒரு வழி பண்ணிட்டா டீச்சர்" என்றார். கோபமே இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கேட்டார், "வீட்டுலயும் உங்ககிட்ட இப்படித்தான் சண்டை போடுவாளா?"

"ஆமா சார், தினமும்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.