உனக்காக ருசி பார்த்தவள்

இன்று மத்தியானம் பொம்மசந்திரா ஷெட்டிலிருந்து நம் பெரிய எண்ணெய்க் கொப்பரையை லாரியில் ஏற்றினார்கள். அடியில் தங்கியிருந்த பழைய எண்ணெய் சரிந்து தரையில் கொட்டியது. அந்தச் சிக்கு வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டேன். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, அதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று உன்னிடம்தான் அரற்றிக்கொண்டிருந்தேன்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் ஆண்கள் எல்லாரும் வேலை தேடி பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். நீயும் ஏறினாய், தோளில் தட்டை நிரம்பிய பையோடு. ஒவ்வொரு ரயில் பெட்டியாக நீ கூவி விற்றுக்கொண்டு போக, உன் சிநேகிதி நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தேன். "இன்னாடி, திருடியா விக்கிறோம்? நிமிந்து நட" என்று எல்லார் முன்னாலும் அதட்டினாய்.

பொம்மனஹள்ளி வாடகை வீட்டுச் சமையலறை போதாமல் போனபோதுதான் இந்த ஷெட்டைப் பார்க்க வந்தோம். சுற்றிலும் இரும்புப் பட்டறைகள். முதலாளி என்று ஒரு பெண்கூடக் கிடையாது. ஷெட்டுக்காரர் உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "யஜமானரு எல்லி?" என்று உன் புருஷனைத் தேடினார். "நானே யஜமானி" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு நீ உள்ளே நடந்தாய். கொஞ்ச காலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி கடைகள் வரைக்கும் நம் தட்டைப் பாக்கெட்டுகள் தொங்கின.

அப்புறம் அந்த நோய். மருந்து ஏற ஏற உன் நாக்கு செத்துப்போயிற்று. சூடான தட்டையை ஒடித்து வாயில் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "மண்ணு மாதிரி இருக்குதுடி. உப்பு கீதா இல்லியான்னே தெரில." அன்றிலிருந்து நான் தின்று பார்த்து உன் காதில் சொல்வேன். நீ மாவு பிசைகிறவர்களுக்கு அளவு சொல்வாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் கேட்பது ஒன்றுதான். "இன்னைக்கி எப்பிடி வந்துச்சி? சொல்லு."

"பல்லு பட்டதும் நொறுங்குச்சி. மொதல்ல கறிவேப்பில வாசன. கடலப்பருப்பு அங்கங்க கடிபடுது. காரம் உடனே தெரில, முழுங்கினப்புறம் தொண்டையில நிக்குது."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் தொண்டை அசையும். ஒருநாள், "போதும்டி, வயிறு நெறஞ்சிடுச்சி" என்றாய். அதற்கப்புறம் நீ எதையும் கேட்கவில்லை.

நீ போனதும் கடைக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அம்மாவ நம்பி எடுத்தோம். இனிமே யாரு பொறுப்பு?" நான் இருக்கிறேன் என்று சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. உன் மகனும் நானும் எத்தனை வாசல் ஏறி இறங்கினோம்! யாரும் நம்பவில்லை. கொப்பரை பாதி நாள் காய்ந்தே கிடந்தது. மாவு பிசைந்த நம் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார்கள். கடைசிவரை இருந்த மேரியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கொழந்தைங்க கீதுங்கக்கா" என்று அழுதாள். இரு என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? போன வாரம் உன் மகன் ஷெட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

லாரி போனதும் பஸ் பிடித்து பொம்மனஹள்ளியில் இறங்கினேன். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. தள்ளுவண்டியில் ஒரு மசால் வடை வாங்கிக் கடித்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல். சோம்பு நல்லா தெரியுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

எனக்கு அழுகைதான் வந்தது. எதை வாயில் போட்டாலும் உன்னிடம் சொல்லத்தான் நாக்கு எழுகிறது. சொல்லாமல் விழுங்க எனக்குத் தெரியவில்லையடி.