பாலத்தடியில் கிடந்த சிவப்பு உறை

தைபே
ஆகஸ்ட் 3, 1998

அன்புள்ள போஷென்,

தீவில் ராணுவச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நான் வழக்கம்போல வேலைவெட்டி இல்லாமல், நீ விட்டுப்போன ஸ்கூட்டரை வீடியோ கேம் கடைக்கும் நூடுல்ஸ் கடைக்குமாக ஓட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மதியம் பாலத்தடியில் ஒரு சிவப்பு உறை கிடந்தது. காசு இருக்குமென்று எடுத்துத் தொலைத்தேன். தெருவில் கிடக்கும் சிவப்பு உறையைத் தொடக்கூடாது, எடுத்தவன்தான் கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உள்ளே ஒரு பெண்ணின் படம், கொஞ்சம் முடி, பிறந்த நேரம். செத்துப்போனவள். மறைந்திருந்த அவள் அம்மா ஓடிவந்து, "எம் பொண்ணுக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு தம்பி, கட்டிக்கோங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிட்டு ஓடிவந்தேன். ஹெல்மெட் அங்கேயே விழுந்துவிட்டது. பயத்தில் விளக்கை அணைக்காமல் படுக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் கிண்டலடித்தே தேற்றியிருப்பாய்.

உன்
டிங்வேய்

கின்மென் தீவு
ஆகஸ்ட் 15

டேய் டிங்வேய்,

அது என் ஹெல்மெட்டடா. உள்ளே என் பெயரும் அண்ணன் வீட்டு போன் நம்பரும் இருக்கின்றன. அந்த அம்மா அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். மகளின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, மாப்பிள்ளை பெயர் போஷென் என்று சொல்லியும்விட்டாராம். உறையை எடுத்தவனே பாலத்துக்குப் பக்கத்துச் சந்திலிருக்கும் அவர்கள் வீட்டுக்கு நேரில் வந்து சொன்னால்தான் மாற்ற முடியுமாம். இல்லையென்றால் நான்தான் கட்டிக்கொள்ள வேண்டும்; மறுத்தால் செத்தவள் என்னைத் தேடி வருவாள். தனியாகக் கடலைப் பார்த்துக் காவல் நிற்கிறேன். பின்னால் இலை அசைந்தாலும் துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் எனக்கு லீவு. அதற்குள் போய்ச் சொல்லிவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

போஷென்

தைபே
ஆகஸ்ட் 29

அன்புள்ள போஷென்,

கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சந்துவரை போனேன். ஊதுபத்தி வாசனை வந்ததும் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குக் கட்டாயம் போகிறேன். உன்னை விட்டுவிடுவேனா?

உன்
டிங்வேய்

கின்மென் தீவு
அக்டோபர் 4

டிங்வேய்,

லீவு முடிந்து திரும்பிவிட்டேன். கல்யாணம் நடந்தது. அவள் பெயர் யாலிங். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "யாரத் தேடுறீங்க மாப்ள?" என்று அவள் அம்மா கேட்டார். யாருமில்லை என்றேன். மணப்பெண்ணுக்குப் பதிலாக வைத்திருந்த, அவள் பெயர் எழுதிய பலகையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கையில் வாங்கினேன். பிறகு அத்தை என் கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டு, தன் முட்டையையும் எடுத்து வைத்தார். கொஞ்சம் தெளிந்தேன்.

ஸ்கூட்டரை அண்ணனிடம் கொடுத்துவிடு. ஹெல்மெட் வந்து சேர்ந்துவிட்டது.

இனி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு. அவள் உன்னைத் தேடி வரமாட்டாள். நானும் வரமாட்டேன்.

போஷென்