மெதுவக்காவுக்குப் போட்ட மதிப்பெண் பற்றி

அனுப்புநர்:
சென்ற மாதம் பிரசவ வார்டின் ஏழாம் கட்டிலில் இருந்தவர்,
ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு ஊழியர்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: பிரசவ வார்டில் செவிலியர் பணியின் தரத்தை அளக்கும் முறையை மாற்றவும், ஒரு செவிலியரின் இடமாற்றத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பிரசவ வார்டின் வாசலில் மூன்று மாதமாக ஒரு பலகை தொங்குகிறது. ஒவ்வொரு செவிலியரும் ஒரு ஷிப்டில் எத்தனை பேரைக் கவனித்தார், ஒருவருக்கு எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார், பதிவேட்டை நேரத்துக்கு எழுதி முடித்தாரா என்று பார்த்து அதில் மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று மாதமும் கடைசி இடம் ஒருவருக்கே. உடன் வேலை செய்பவர்கள் அவரை 'மெதுவக்கா' என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். வரும் முதல் தேதியிலிருந்து அவரை மருந்துக் கிடங்குக்கு மாற்றியிருப்பதாக அறிகிறேன். என் புகார் அதைப் பற்றியது.

2. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்றுதான் நினைத்தோம். நான் இயல்பிலேயே வாய் ஓயாதவள். என் நாத்தனாரோடும் பக்கத்துக் கட்டில்காரரோடும் பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு அசதியாக இருந்தது, கண்ணை மூடினேன். தூங்கட்டும் என்று நாத்தனார் திரையை இழுத்துவிட்டார்.

3. வேறு கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த மெதுவக்கா, என் சத்தம் நின்றதைக் கவனித்துத் திரும்பி வந்தார். "என்னம்மா, திடீர்னு பேச்சையே காணோம்?" என்று கேட்டபடி என் அடிவயிற்றில் கை வைத்தார். பிரசவத்துக்குப் பின் கருப்பை பந்து போல இறுக வேண்டுமாம். எனக்குத் தளர்ந்து கிடந்தது. போர்வையை விலக்கினால் விரிப்பு முழுக்க ரத்தம். அவர் பதறவில்லை. ஒரு கையால் வயிற்றை அழுத்தித் தேய்த்தபடியே டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார், ஊசியை எடுத்துவரச் சொன்னார். நடப்பதை எனக்கும் சொன்னார்: "ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது. நான் அழுத்துறது வலிக்கும், பொறுத்துக்கோ. கையை எடுக்க மாட்டேன்." எடுக்கவும் இல்லை. ரத்தம் நின்ற பிறகும் அகலாமல், மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் என்னோடு இருந்தார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கதையே வேறு என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார்.

4. அன்றைக்கு அவர் பெற்றது பத்துக்கு மூன்று. காரணம்: 'ஒரே நோயாளிக்கு அதிக நேரம், பதிவேடு தாமதம்.' வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நின்று நானே படித்தேன். அந்த 'ஒரே நோயாளி' நான்தான், அம்மா.

5. நானும் தரம் பார்த்துப் பிழைப்பவள். மணிக்கு எத்தனை சட்டை என்று மட்டும் எங்களை எண்ணிய மாதங்களில் நாங்கள் சட்டைகளைப் புரட்டினோம், பார்க்கவில்லை. எனவே தாங்கள் அளப்பதே தவறென்று சொல்ல வரவில்லை. எதை அளப்பது என்பதுதான் என் கேள்வி.

6. தடுப்பூசி நாளில் வரிசையில் நின்ற பதினொரு தாய்மாரிடம், செவிலியர் கவனிப்பில் எது நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வேகத்தை ஒருவரும் சொல்லவில்லை. "ஊசி எதுக்குன்னு சொல்லிட்டுப் போட்டாங்க" என்றார் ஒருவர். "வலி குறைஞ்சுதான்னு மறுபடி வந்து கேட்டாங்க" என்றார் இன்னொருவர். ஒருவருக்கு மட்டும் மெதுவக்கா மேல் கோபம். கட்டு மாற்ற ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டாராம். தேதியைக் கேட்டேன், அதே ஒன்பதாம் தேதி. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண், "அப்போ இன்னொரு ஆளைப் போடணும். இருக்கிறவங்களை ஏன் தூக்கணும்?" என்றார். இணைப்பில் முதல் கையெழுத்து அவருடையது.

7. ஆகவே வேண்டுவது: ரத்தப்போக்கு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டது, வலி கேட்கப்பட்டதா, செய்வதைத் தாயிடம் சொன்னார்களா, முதல் மணி நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க உதவினார்களா என்பவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கை கழுவுவதையும் பதிவேட்டையும் இப்போதுபோலவே கண்காணியுங்கள். எவற்றை அளப்பது என்று முடிவு செய்யும்போது செவிலியர்களையும் எங்களில் இருவரையும் கூட உட்கார வையுங்கள். ஒரு ஷிப்டுக்கு இன்னும் ஒருவரை நியமியுங்கள்.

8. இந்த மனுவைப் பற்றி மெதுவக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று என்னைத் திட்டுவார். ஆனாலும் இடமாற்றத்தை முதல் தேதிக்குள் நிறுத்தி வைக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் பதினாறாம் தேதி என் தங்கைக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவள் அதிகம் பேசாதவள். வாய் திறந்து எதையும் கேட்க மாட்டாள். அவளை அந்த வார்டுக்குத்தான் அனுப்புகிறேன்.

இடம்: தடுப்பூசிக் கூடம்
நாள்: இம்மாதம் 21

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஏழாம் கட்டில்காரி

இணைப்பு: பத்துத் தாய்மாரின் கையெழுத்து, ஒருவரின் கைரேகை.