ஒரு மழைக்கான கூரை

அன்புள்ள அக்கா,

அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். மாசமாக இருக்கும் உனக்கு எதையும் தெரியப்படுத்தக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கும் அறை இருட்டாக இருக்கிறதென்று தெற்குப் பக்கம் ஒரு வெயில் அறை கட்டுகிறோம். கட்டிலை அங்கே மாற்றிவிட்டால் படுத்தபடியே வானம் பார்க்கலாம். சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் பாக்கி.

நேற்று அதற்காக அப்பாவோடு மலையிறங்கிச் சேந்தமங்கலம் போனேன். கடைக்காரர், "கண்ணாடின்னா நாலாயிரம் ஆகுமுங்க, ஆனா காலத்துக்கும் நிக்கும். பைபர் ஷீட்டு பாதி விலைதான், அஞ்சு வருசம் வரும். இந்த பாலித்தீன் தாள் முந்நூறு ரூபாயோட முடிஞ்சுரும். ஆனா ஒரு மழைக்குத்தானுங்க தாங்கும்" என்றார்.

"ஒரு மழைக்குத் தாங்கினாப் போதுமுங்க" என்றார் அப்பா.

மிளகு விற்ற பணம் முழுவதும் அப்பாவின் பையில் இருந்தது, அக்கா; கண்ணாடியே வாங்கியிருக்கலாம். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை அளந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "என்ன கூரை கண்ணு வாங்குனீங்க?"

"கண்ணாடிம்மா. லாரியில வருது" என்றேன்.

"எதுக்குச் சாமி அத்தனை செலவு? சரி, அக்கா கொழந்தைய அங்கயே தொட்டில் கட்டிப் போட்டுக்கலாம்" என்று சிரித்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தை பிறக்கட்டும் என்று இருந்துவிடாதே. மழை தொடங்குமுன் வந்துவிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. கண்ணாடி அறையைப் பார்க்க வந்ததாக அம்மாவிடம் சொல்.

உன் தங்கை