லீலாவை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்

லீலா அப்பாவுக்கு,

பழைய சோறு சட்டியில் இருக்கிறது. வெங்காயம் உரித்து வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த அன்றைக்கு, நீங்கள் லீலாவை வீட்டிலேயே நிறுத்திவிட்டீர்கள். "ஓடியாடுற பொண்ணுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? ஏதாச்சும் சொல்லிட்டா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்றீர்கள். நோயில்லாத காளையை மட்டும் வருஷா வருஷம் ஊசி போட ஓட்டிக்கொண்டு போகிறீர்களே. எனக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. அவளைக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன்.

காளைக்குத் தண்ணீர் காட்டுங்கள்.

இன்னொன்று. நேற்று மத்தியானம் அவள் தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். பயமாக இருக்கிறதென்று என்னிடம் சொல்லித் தொலைத்தால் என்ன?

சுங்குவார்சத்திரத்தில் பத்து மணி பஸ் வரைக்கும் நிற்போம். சட்டையை மாட்டிக்கொண்டு வாருங்கள்.