வெட்டிப் போட்ட பாதி

அன்பு மகனுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். உன் வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள் என்று போதகர் பிரசங்க மேடையிலேயே அறிவித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

போனில் பேசினால் நீ என்னைப் பேச விடுவதில்லை. "அம்மா, நீ வேற, சொன்னது அவங்கதானே" என்று ஆரம்பித்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது நடுவில் வெட்டாமல் கடைசி வரை படி.

விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் பல் லேபுக்கு வந்தாய். நானும், என்னோடு கூடப் பிறக்காமலே உனக்குப் பெரியம்மா ஆனவளும் எப்போதும்போல ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தோம். "வகுப்புல பாடம் எடுக்கத்தான்மா, வெளிய யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று சொல்லி, போனைப் பிளாஸ்டர் டப்பாவில் சாய்த்து வைத்தாய். பெரியம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நம்ம புள்ளதானே, எடுத்துக்கட்டும்" என்றாள். நம்ம பிள்ளையாம்! அந்த வார்த்தைக்கு நீ காட்டிய நன்றி இது.

எங்கள் மேசைச் சட்டம் உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் காலடியில் உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் எழுதினாய்? அவளுக்கு அவள் மார்க்கம் உயிர், எனக்கு என் இரட்சகர் உயிர். நான் அவளையோ அவள் என்னையோ விட்டுக்கொடுத்துப் பேசியதே இல்லை. ஆனால் மார்க்கம் என்று வந்துவிட்டால் எலியும் பூனையும்தான். அதற்காகவே வைத்த சட்டம் அது. ஒருத்தி பதில் சொல்வதற்கு முன்னால், மற்றவள் நம்புவதை அவளே "ஆமா, அதேதான்" என்று தலையாட்டும்படி சொல்லிக் காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் பதில். சண்டை போட்டாலும் நியாயமான சண்டை.

அன்றைக்குப் பேச்சு சிலுவையைப் பற்றி. முதலில் என் முறை. அவர்கள் ஈசா நபி என்று சொல்லும் இயேசு இறைவனுக்குப் பிரியமான தூதர், அப்படிப்பட்டவரை எதிரிகள் கையில் கேவலமாகச் சாக இறைவன் விடவில்லை, பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியது, அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று நான் சொன்னேன். அவள் ஆமாம் என்றாள். பிறகு அவள் முறை. நாம் நம்புவதை அவள் சொன்னாள். இயேசு நிஜமாகவே மரித்தார், மனிதன் படவேண்டியதை அவரே பட்டார், மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது, அவரை உயிரோடு கண்டவர்கள் தலை போனாலும் பேச்சை மாற்றவில்லை. நம் போதகர் ஒரு மணி நேரம் சுற்றி வளைப்பதை நாலு வரியில் சொல்லிவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று கேட்டாள்.

நீ என்ன செய்தாய்? முன்னால் அவள் சொன்ன "நீங்க நம்புறது இதுதான்" என்பதை வெட்டினாய். பின்னால் "சரியா சொன்னேனா?" என்று கேட்டதையும் வெட்டினாய். நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, 'சிலுவையை ஒப்புக்கொண்ட இஸ்லாமியப் பெண்மணி' என்று தலைப்புப் போட்டாய். பெண்மணி! அம்மை போட்டுக் கிடந்தபோது உன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள் இன்றைக்கு உனக்குப் பெண்மணி ஆகிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்கேயடா படித்தாய்? நான் படிக்க வைத்த படிப்பில் அது இல்லையே.

இதில் என் வயிறு பற்றி எரிகிற சங்கதி இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கேட்டாளே ஒரு கேள்வி, உனக்கு நினைவிருக்கிறதா? மன்னிக்க இறைவனுக்கு எதற்குப் பலி, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்றாள். நல்ல கேள்வி. நான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுச் சொன்னேன். முன்பு ஒரு தரம் அவள் கை தவறி, முடித்து வைத்திருந்த பல்செட் கீழே விழுந்து உடைந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, மன்னித்துவிட்டார். ஆனால் அந்தப் பல்லுக்காகக் காத்திருந்த கிழவருக்கு வேறு செட் யார் செய்தது? முதலாளியே உட்கார்ந்து செய்தார். மன்னிப்பு வாங்குகிறவளுக்கு இலவசம், கொடுக்கிறவர்தான் பாடுபட வேண்டும், சிலுவை அதுதான் என்றேன். அவள், "இதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, ஆனா ஒழுங்கா யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

அதையும் வெட்டிவிட்டாயே, பாவி! நீ ஊர் ஊராகப் போய்ச் செய்கிற ஊழியத்துக்கு, விசுவாசத்துக்காக நியாயம் பேசுவது என்று பெயர். அன்றைக்கு அந்த மேசையில் நடந்தது அதுதான். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை, கை தட்ட ஆளில்லை என்று தூக்கிக் குப்பையில் போட்டாய்.

இப்போது நடப்பதைக் கேள். பெரியம்மாவின் மகளுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். சம்பந்தி வீட்டுக்கு உன் வீடியோ போயிருக்கிறது. மார்க்கத்தை விட்டுப் போனவள் எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம், பிரசவத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற மகள் இடுப்பு வலியில் அம்மா என்று கத்தும்போது இவள் வெளியே நிற்க வேண்டுமா? நான் நேரே போனேன். நடந்தது இதுதான் என்று தலையில் அடித்துச் சொன்னேன். சம்பந்தியம்மா டீ கொடுத்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். "மாத்துனவங்களே வந்து மாறலன்னு சொன்னா நாங்க எப்படிங்க நம்புறது?" என்றாள். இதற்கு நீ பதில் வைத்திருக்கிறாயா?

அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "எங்க கண்ணு முன்னாடியே ஒருத்தி பேச்சை இப்படி வெட்டுறவங்க, அந்தக் காலத்துல உங்க வேதத்துல என்னென்ன வெட்டுனாங்களோ!" நம் வேதம் திருத்தப்பட்டது என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் மேடையில் கையை ஓங்கி ஆதாரம் கேட்கிறாயே மகனே, நீயே ஆதாரமாகப் போய் நின்றுவிட்டாய். வேதத்தின் பழைய ஏடுகள் மாறவில்லை என்று நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அதையெல்லாம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல?

அவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் நியாயமான மனிதர். தலையும் வாலும் இல்லாத பேச்சுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், முழுப் பதிவையும் கொண்டு வாருங்கள், இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துக் கேட்போம் என்று சொல்லியிருக்கிறார். அந்த முழுப் பதிவு உலகத்திலேயே உன் ஒருவனிடம்தான் இருக்கிறது. நீயோ, வாபஸ் வாங்கினால் ஊழியத்துக்குக் கெட்ட பேர் என்கிறாய். பொய்ச்சாட்சி சொன்னால் நல்ல பேரா? சத்தியத்தைக் காப்பாற்றப் பொய் தேவைப்பட்டால் அது என்னடா சத்தியம்? நான் அறிந்த ஆண்டவருக்கு உன் கத்தரிக்கோல் தேவையில்லை.

பெரியம்மா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டாலாவது தாங்கியிருப்பேன். வருகிறாள், வேலையைப் பார்க்கிறாள், போகிறாள். அவள் தொழும் நேரத்தில் நான் இப்போதும் பல்செட்டைத் தேய்க்கிற மிஷினை நிறுத்துகிறேன். முடித்து வந்தால் தலையை மட்டும் அசைக்கிறாள். எங்கள் மேசையில் இப்போது மதப் பேச்சே கிடையாது. நீ இஸ்லாமியருக்குச் சுவிசேஷம் சொன்ன லட்சணம் இது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வீடியோவை எடு. முழுப் பதிவையும், அவள் கேள்வியோடு, என் பதிலோடு, அவள் யோசிக்கிறேன் என்றதோடு, அதே இடத்தில் போடு. நான் வெட்டினேன், அது தப்பு என்று உன் வாயால் சொல். ஹஜ்ரத்துக்கு ஒரு பிரதி அனுப்பு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். உனக்காக ஜெபிக்கிறேன், ஒரு நாளும் விடவில்லை. கர்த்தர் உன் வாயைக் காப்பாராக, உன் கையையும் காப்பாராக.

எல்லாம் செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் போய்விடும், ராசா. இந்தத் தடவை அது போகக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா